கூண்டுக் கதவு

கிழக்கு வெளுப்பதற்குள் நெட்டைக்கு முதுகு நனைந்துவிடும். பட்டறையில் மின்விசிறி இல்லாமல் இல்லை. ஆனால் அது இயந்திரத்தைப் பார்த்துத்தான் சுற்றும். ஜீப் மாதிரியான பெரிய வண்டிக்கான ஸ்பிரிங்கைக் குழந்தையைப் போல அணைத்துத் தூக்கி, அழுத்தும் இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே நிறுத்துவது அவள் வேலை. இயந்திரம் அதை நசுக்கிப் பாதியாக்கும்போது, எதிரே நிற்கும் வாயாடி ஸ்பிரிங்குக்குள் ஓடும் தண்டின் தலையில் நட்டைப் போட்டு முறுக்குவாள். எண்ணெய் வாடை மூக்கிலும் இரும்புத்தூள் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும். காதை அடைக்கும் அந்த இரைச்சலையும் மீறி வாயாடியின் குரல் கேட்கும்.

"ஏன்டி நெட்டை, இந்த வண்டி மணல்மேட்டுலேர்ந்து அப்படியே பறக்குதுடி! விளம்பரத்துல பார்த்தேன். கீழ விழும்போது நம்ம ஸ்பிரிங்தான் தாங்குதாம். என் முட்டிக்கு ஒண்ணு போட்டுக்கலாமான்னு பார்க்கறேன்."

"வாயை மூடிட்டு நட்டை முறுக்கு."

"வாயை மூடினா எனக்குக் கை ஓடாதுடி."

பாதையே இல்லாத இடத்தில் ஓட்டுவதற்காக, நல்ல பாதை உள்ள ஊர்ப் பணக்காரர்கள் வாங்குகிற வண்டி அது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனியும் அதே மாதிரி வண்டி செய்கிறது. அவர்கள் குதிரைசக்தியைக் கூட்டினால் இவர்கள் அதற்குமேல் கூட்டுவார்கள். இவர்கள் வண்டி பாறையில் ஏறினால் அவர்கள் வண்டி மேட்டிலிருந்து பாயும். இந்தத் தடவை, எதிராளி வண்டி அந்தரத்தில் பாய்கிற படத்தைச் சுவரளவு பெரிதாக அச்சடித்து, இவர்கள் பட்டறையிலேயே மாட்டிவிட்டார் முதலாளி. இவனைத் தாண்ட வேண்டும் என்று அதன் அடியில் எழுதியிருந்தது. தாண்டுவதற்காக ஸ்பிரிங் தடித்தது, வண்டிகளைப் பூட்டும் வரிசையின் வேகம் கூடியது. இயந்திரம் மட்டும் அதே பழைய இயந்திரம்.

ஒவ்வொரு இயந்திரத்தைச் சுற்றியும் கம்பிவலைக் கூண்டு ஒன்று உண்டு. அதன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் விழுந்தால்தான் இயந்திரம் அழுத்தும். கதவில் உள்ள சின்னத் துளை வழியாக நட்டை முறுக்கலாம். ஸ்பிரிங் தெறித்தாலும் வலையில் மோதி நின்றுவிடும். ஆனால் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் திறந்து, சாத்தி, மறுபடி திறக்க வேண்டும். புது வேகத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் சூப்பர்வைசர் கட்டுக்கம்பிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, வாய் திறக்காமல் போய்விட்டார். அன்று ஷிப்டு முடிவதற்குள் எல்லாத் தாழ்ப்பாளும் விழுந்தபடியே நிற்க, அதில் கம்பி ஏறியது. கதவு ஆவென்று திறந்து கிடக்க, மூடியிருப்பதாக நம்பி இயந்திரம் ஓடியது. கட்டு என்று யாரும் சொல்லவில்லை. கட்டாதே என்றும் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

கம்பி கட்டிக் கொஞ்ச நாளில், ஒருநாள் ஸ்பிரிங் நழுவியது. வெடி வெடித்த மாதிரி ஒரே ஒரு சத்தம். நெட்டை திரும்பிப் பார்த்தபோது வாயாடி தரையில் உட்கார்ந்திருந்தாள். வலக்கை மடியில் கிடந்தது. அது கை மாதிரியே இல்லை. அவள் அழவில்லை, கத்தவுமில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தியது நெட்டைதான்.

ஆம்புலன்ஸ் போன கையோடு முதலாளி நெட்டையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"கூண்டுக் கதவைக் கட்டினது யாரும்மா?"

"எல்லாரும்தான் சார்."

"எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாது. பக்கத்துல நின்னவ நீ. அவதான் கட்டினான்னு சொல்லிடு, முடிஞ்சுது. விதியை மீறினவங்களுக்கு வைத்தியச் செலவும் கிடையாது, வேலையும் கிடையாது. உனக்கு ஒரு குறையும் வராது."

"நானும் அவளும் சேர்ந்துதான் சார் கட்டினோம். கட்டலேன்னா உங்க வேகத்துக்கு எப்படிப் போடுறது?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் போடுறாங்களே! அங்க எவனாவது கையை விட்டுக்கிட்டானா? நல்லா யோசி. நாளைக்கு எனக்குப் பதில் வேணும்."

நெட்டை அறையை விட்டு வெளியே வந்தாள். சொன்னால் வாயாடி நடுத்தெருவில் நிற்பாள். சொல்லாவிட்டால் தானும் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான்.

அந்திக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நாத்தனாருக்கு வேலை சாலைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில். விளம்பரத்தில் ஒருவர் குரல்வளையை ஒருவர் கடிக்கிற இரண்டு கம்பெனிகளின் சட்டைகளும் இந்த வீட்டில் ஒரே கொடியில்தான் காய்கின்றன.

நெட்டை நடந்ததைச் சொல்லச் சொல்ல, நாத்தனாரின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"எங்க கம்பெனியில யாரும் கையை விட்டுக்கலைன்னா உங்க முதலாளி சொன்னான்? ரெண்டு பேருக்கு விரல் போச்சு அண்ணி. வெளிய சொன்னா வேலை போயிடும்னு வாயைக் கட்டிப்போட்டிருக்கான். எங்க முதலாளி எங்களை எப்படி விரட்டுறான் தெரியுமா? 'அந்தப் பக்கம் பொம்பளைங்க உங்களைவிட வேகமாப் போடுறாங்க'ன்னு!"

நெட்டைக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி ரத்தம் கொதித்தது. என்னைக் காட்டி இவளை விரட்டியிருக்கிறார்கள். இவளைக் காட்டி என்னை விரட்டியிருக்கிறார்கள். ஓடினது நாங்கள், பந்தயம் அவர்களுடையது!

"வேலையை நிறுத்திடலாமா அண்ணி?"

"நிறுத்தினா அதைச் சாக்கா வச்சு வெளிய தள்ளுவான்." நெட்டை கொஞ்சம் யோசித்தாள். "நிறுத்த வேணாம். வேலை செய்வோம். கதவைச் சாத்திட்டுச் செய்வோம். அவன் போட்ட விதிதானே?"

"எங்க கூண்டும் கம்பி கட்டினதுதான் அண்ணி," என்றபடி நாத்தனார் மாவுக் கையோடு தன் கம்பெனி ஆட்களுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் முதல் சங்கு ஊதியதும் நெட்டை கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துத் தன் தாழ்ப்பாளிலிருந்த கம்பியை வெட்டினாள். வாயாடியின் இடத்தில் புதிதாக நிறுத்தப்பட்ட பெண் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, தானே கதவைச் சாத்தினாள். அடுத்த கூண்டு, அதற்கடுத்த கூண்டு என்று தாழ்ப்பாள்கள் விழுந்தன. சும்மா இருந்தவர் எவருமில்லை. எல்லாக் கையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஸ்பிரிங்குக்காகக் காத்துக் காத்து, கடைசியில் வண்டி வரிசை நின்றுவிட்டது.

முதலாளி மூச்சிரைக்க வந்தார். "என்ன நடக்குது இங்க?"

"வேலை நடக்குது சார்," என்றாள் நெட்டை.

"இந்த லட்சணத்துலயா? இப்படிப் போட்டா அந்தப் பக்கத்துக்காரன் நம்மளை முழுங்கிடுவான்!"

"கதவைச் சாத்தினா லேட் ஆகும் சார். திறங்கன்னு சொல்லுங்க, திறக்கறோம். எல்லாருக்கும் கேட்கற மாதிரி உங்க வாயால சொல்லுங்க."

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தன் செருப்பில் எதையோ தேடினார்.

"அவ கதவைக் கட்டினான்னு உங்களுக்குச் சாட்சி வேணும்ல?" நெட்டை அவருக்கு நேரே வந்து நின்றாள். "நாங்க அத்தனை பேரும் சாட்சி. அவளும் கட்டினா, நாங்களும் கட்டினோம். எதுக்குக் கட்டினோம்னும் சேர்த்தே சொல்லுவோம். அவ வைத்தியம் கம்பெனி பொறுப்பு. அவ வேலை அவளுக்கு. அதுவரைக்கும் இந்தக் கதவு சாத்தியேதான் இருக்கும்."

"நாளைக்கு ஒருத்தி உள்ள வரமாட்டீங்க! கேட்டைப் பூட்டறேன்!" என்று கத்திவிட்டுப் போனார் முதலாளி. பின்னாலேயே அவருடைய போன் அடித்தது. சாலைக்கு அந்தப் பக்கமும் வரிசை நின்றுவிட்ட செய்தியைச் சூப்பர்வைசர்தான் பிறகு வந்து மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, கம்பிச் சுருளை மேசையிலிருந்து எடுத்துப் போனார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. இரண்டு கம்பெனி ஆட்களும் வந்திருந்தார்கள். விரல் போன இருவரில் ஒருவர் வாயாடியின் கட்டிலோரம் நின்று, இடக்கையால் ஸ்பேனர் பிடிப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். வாயாடியின் கை தேறுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு பேச்சும் இல்லை.

"நாளைக்கு எங்க கேட்டைப் பூட்டறாங்களாம்," என்றாள் நெட்டை.

"பூட்டட்டும் அண்ணி," என்றாள் நாத்தனார். "எங்க பஸ் உங்க கேட்டைத் தாண்டித்தானே போகணும்? நாங்க அங்கேயே இறங்கிக்கறோம்."

"எல்லாருமா?"

நாத்தனார் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். விரல் போனவர்தான் முதலில் சொன்னார்.

"எல்லாரும்தான்."