நிலுவைக்குச் சைகை இல்லை

என் தங்கையின் குரலுக்கு டாக்டர் சொன்ன விலை நூற்றுக்கு மூன்று.

கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. எடுத்தே ஆகவேண்டும். அதை ஒட்டியே குரல் நரம்பு ஓடுகிறது. "நூறு பேருக்குப் பண்ணினா மூணு பேருக்கு அதுல அடி படலாம். பேச்சு வராமப் போகலாம்" என்றார் டாக்டர், ஏதோ தள்ளுபடி அறிவிப்பதுபோல. எங்களுடையது துணிக்கடைக் குடும்பம். துவைத்தால் சுருங்கும் என்று நாங்கள் விடுகிற கழிவும் நூற்றுக்கு மூன்றுதான். அந்த மூன்று எப்போதும் யாரோ ஒருவர் தலையில்தான் விடியும் என்பது கடைக்காரன் பிள்ளைக்குத் தெரியாதா?

கடையைப் பாதி நடத்தியது அப்பா போட்ட முதல். மீதியை நடத்தியது தங்கையின் தொண்டை. பாட்டு வராது, அவள் தாலாட்டினால் தூங்குகிற குழந்தையும் எழுந்துகொள்ளும். ஆனால் பேரத்தில் இறங்கிவிட்டால், வாங்க வந்தவர் கையில் இருப்பதையும் விற்றுவிட்டுத்தான் போவார். அளவில் மட்டும் படுகறார். மீட்டர் கோலில் விரல்கடை குறைந்தாலும் விடமாட்டாள். நம் கடையில் மட்டுமில்லை, எதிர்க்கடையில் குறைந்தாலும் தெருவைத் தாண்டிப் போய்ச் சண்டை போடுவாள்.

அவளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை புல்லாங்குழல் வாசிப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் ஐந்து 'ம்'. "ரெண்டு பேர் வாயையும் சேர்த்து மொத்த விலைக்கு அவளே எடுத்துக்கிட்டா" என்பார் அப்பா.

நான் துணியில் தங்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வாத்தியக்காரர்களைப் பிடித்துக் கொடுப்பது என் தொழில். அப்பா துணியை மீட்டரில் விற்றார், நான் மூச்சை நிமிடத்தில் விற்கிறேன்.

அறுவை சிகிச்சை வியாழக்கிழமை என்றுதான் சொல்லியிருந்தார்கள். வேறொரு நோயாளி வரமுடியாது என்றுவிட, செவ்வாய் சாயங்காலமே போன் வந்து புதனுக்கு இழுத்துவிட்டார்கள். புதன்கிழமைதான் மாப்பிள்ளைக்கு ஒலிப்பதிவு. ரத்து செய்கிறேன் என்றேன்.

"வேணாம் மச்சான்" என்றார். "அந்த வராந்தால உக்காந்தா எனக்கு மூச்சே நின்னுடும். ஊதினா எப்படியும் மூச்சு விட்டுத்தானே ஆகணும்?"

அந்த மாதத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். படுக்கையிலிருந்து தங்கை முடித்துவைத்தாள்: "கூட்டிக்கிட்டுப் போண்ணே. இங்க இருந்தா இவரு முகத்தப் பாத்தே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அண்ணி இருக்காங்க, போதும்."

ஒன்பது மணிக்கு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு நாங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தோம்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. உள்ளே போகிறவர்கள் கைபேசியை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிடவேண்டும். கூடைக்குக் காவல் நான். மாப்பிள்ளை தன் போனை வைத்தார், வைத்த கையை எடுக்கவில்லை.

"என் போனுக்குத்தான் அவ கூப்பிடுவா" என்றேன். அவ என்றது என் மனைவியை. "நல்லபடியா முடிஞ்சா கண்ணாடி வழியா கட்டைவிரலத் தூக்கிக் காட்டுறேன். இல்லன்னா கதவத் தெறந்து உள்ள வந்துடுறேன். சரியா மாப்ள?"

"ம்."

இரண்டு சைகை. லாபத்துக்கு ஒன்று, நஷ்டத்துக்கு ஒன்று. மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டைரக்டரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று ரத்து செய்வார், இல்லை பரிதாபப்படுவார். வியாபாரத்துக்கு இரண்டும் ஆகாது. அவர் படத்தில் ஒரு காட்சி: பல வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண் விடிகாலையில் ஜன்னலைத் திறக்கிறாள். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. இரண்டு நிமிஷம் நாற்பது விநாடிக்குப் புல்லாங்குழல் மட்டும்.

"எனக்கு விடியல் வேணும், அவ்ளோதான்" என்றார் டைரக்டர், கால் கிலோ விடியல் கேட்பதுபோல.

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை குழலை உதட்டில் வைத்தார். இந்தப் பக்கம் டைரக்டர், ஒலிப்பொறியாளர், கதவோரம் நான். முதல் டேக் சுத்தமாக இருந்தது.

"சார், தப்பே இல்ல" என்றார் டைரக்டர் மைக்கில். "ஆனா ஜன்னல் தெறக்கல."

இரண்டாவது டேக். அதே மெட்டு, அதே சுரங்கள். ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்ததற்குப் போக மனமில்லாததுபோல ஒரு தயக்கம். மேலே ஏறிப்போய், அங்கேயே நின்று, கீழே எட்டிப் பார்த்து, மெதுவாக இறங்கிற்று. கடைசிச் சுரத்துக்கு முன்னால் டைரக்டர் கையைத் தூக்கினார்.

"கட். சார், இது வேற எங்கயோ போகுது. நீளமா ஒரு வராந்தா தெரியுது எனக்கு. மூடின கதவு. பினாயில் வாடைகூட வருது சார்!" சிரித்தார். "நான் ஜன்னல் கேட்டா நீங்க ஆஸ்பத்திரி குடுக்குறீங்களே?"

அந்த மனிதருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. குழலில் ஒரு எழுத்துகூடக் கிடையாது கோள்சொல்ல. ஏழெட்டுத் துளையும் காற்றும்தான்.

"எனக்கு வராந்தா தெரியல" என்றார் பொறியாளர், தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றியபடி. "பஸ் ஸ்டாண்டு. சின்ன வயசுல எங்கம்மா கடைசி பஸ்ல வர்றேன்னு சொல்லிட்டு வரல. காலையிலதான் வந்தாங்க. அந்த பெஞ்சு ஞாபகம் வருது."

ஒருத்தருக்கு வராந்தா, ஒருத்தருக்கு பெஞ்சு. எனக்கோ அப்பா கடையில் வரித்துறை ஆட்கள் பெட்டியைத் திறந்த மத்தியானம். படம் ஆளுக்கு ஆள் வேறு. பயம் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே அளவில் வெட்டிக் கொடுத்திருந்தார் மாப்பிள்ளை.

"இன்னும் பழகல, அதான். அடுத்தது பாருங்க" என்று நான் சமாளித்தேன். மூன்று, நான்கு. இரண்டும் தேறவில்லை. ஒவ்வொரு டேக் முடிந்ததும் மாப்பிள்ளை டைரக்டரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டேன். அறுவை சிகிச்சை பதினொன்றுக்குள் முடியும் என்றார்கள். பதினொன்றரை ஆகிவிட்டது.

கூடை அதிர்ந்தது. மற்ற போன்களுக்கு நடுவில் என் போன் வண்டுபோலச் சுற்றிற்று. எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

"முடிஞ்சிடுச்சுங்க" என்றாள் மனைவி. "கட்டிய எடுத்துட்டாங்க. கண்ணு முழிச்சிட்டா."

"பேசினாளா?"

"டாக்டர் இப்பத்தான் பாத்துட்டுப் போறாருங்க."

"ஏம்மா, பேசினாளா இல்லையா?"

"வாயத் தெறக்கிறா. காத்து மட்டும்தாங்க வருது. சத்தம் வரல. குழாய் வெச்சதுல வீங்கியிருக்கலாம், நரம்பு அசந்திருக்கலாம், சாயங்காலம் பாத்துட்டுதான் சொல்ல முடியும்ங்கிறார் டாக்டர். அவரு எங்க? சொல்லிடாதீங்க. இல்ல, சொல்லிடுங்க. எனக்குத் தெரியலங்க."

எனக்கும் தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் மாப்பிள்ளை எழுந்து நின்றிருந்தார். என் கையில் போனைப் பார்த்துவிட்டார்.

கட்டைவிரலைத் தூக்கினால் பொய். கதவைத் திறந்து உள்ளே போனால் அவரைப் பொறுத்தவரை எல்லாம் போயிற்று. நிலுவையில் இருக்கிறது, சாயங்காலம் தெரியும் என்பதற்கு எங்கள் ஒப்பந்தத்தில் சைகை இல்லை. பிறந்ததிலிருந்து வரவு, செலவு, நிலுவை என்று மூன்று பத்தி பார்த்து வளர்ந்தவன், இரண்டு பத்தியோடு பேரத்தை முடித்திருக்கிறேன்.

"டைம் போகுது சார்" என்றார் டைரக்டர்.

என் கட்டைவிரல் மேலே போயிற்று.

மாப்பிள்ளை உட்காரவில்லை. நின்றபடியே கண்ணை மூடி ஊதினார். நான் எத்தனையோ வித்வான்களை விற்றவன். அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதில்லை. முதல் சுரத்திலேயே தாழ்ப்பாள் விலகிற்று. அறைக்குள் வெளிச்சம் ஒரு கோடாக வந்து, அகலமாகி, தரையில் இருந்த தூசியை எல்லாம் எழுப்பிவிட்டது. எனக்குக் கேட்டது எங்கள் கடை ஷட்டர் காலையில் மேலே போகிற சத்தம். அதைத் தொடர்ந்து தங்கை, "போணி ஆகாம யாருக்கும் டீ கிடையாது" என்று கத்துவாளே, அதுவும் கேட்டது. வார்த்தையே இல்லாத குழலில் அவள் வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள். எனக்குத்தான் தெரியும், அதே நேரம் அவள் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது என்று.

டைரக்டர் எழுந்தே விட்டார். "இதான் சார்! தெறந்துடுச்சு! பாருங்க, கை சிலிர்க்குது!"

கள்ள நோட்டைக் கொடுத்து வாங்கிய நல்ல சரக்கு. சரக்கில் குற்றமில்லை. நோட்டு என்னுடையது.

காரில் ஏறியதும் மாப்பிள்ளை கேட்டார். "கண்ணு முழிச்சதும் என்ன மச்சான் சொன்னா?"

வண்டியை எடுக்காமலே சொன்னேன். காற்று மட்டும் வருவதையும், சாயங்காலத்தையும், கட்டைவிரலையும். ஒன்றையும் விடவில்லை. அவர் குழல் பெட்டியை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

"பாடுறவனா இருந்தா பாட்டு எழுதினவன் மேல பழியப் போட்டுடலாம். அந்தச் சந்தோஷத்த நான் யார் மேல போடறது?"

நான் வண்டியை ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

தங்கை சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டு, மடியில் ஒரு நோட்டு, கையில் பேனா. எங்களைப் பார்த்ததும் எழுதினாள்: 'எத்தனை டேக்?'

மாப்பிள்ளை ஐந்து விரலைக் காட்டினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

'போடு. கேக்கணும்' என்று எனக்கு எழுதினாள். பொறியாளர் எல்லா டேக்கையும் என் போனுக்கு அனுப்பியிருந்தார். நான் விற்ற சரக்கையே முதலில் விரித்தேன். கடைசி டேக். ஒலி அடங்கும்வரை கேட்டாள். பிறகு பேனாவை அழுத்தி எழுதி, நோட்டை என் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

'நான் பேச்சு வராமக் கிடக்கேன். இவரு இவ்ளோ சந்தோஷமா ஊதியிருக்காரு?'

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். "நான்தான் தங்கச்சி" என்றேன். "நல்லபடியா முடிஞ்சிடுச்சுன்னு காட்டிட்டேன்." ஆறு கடை ஏறி இறங்கிய வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் அளந்துவிட்டு, எழுதினாள்: 'அடுத்தது.'

அவசரத்தில் கை இரண்டாவது டேக்கைத் தொட்டுவிட்டது. அந்த வராந்தா. நிறுத்தப் போனேன், அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குழல் தயங்கித் தயங்கி ஏறியது. அவள் கண் மெல்ல நிறைந்தது. கணவரைப் பார்க்கவில்லை, தன் பாதத்தைப் பிடித்திருந்த அவருடைய கையைப் பார்த்தாள். அவர் மனசு காலையில் எங்கே உட்கார்ந்திருந்தது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. மெட்டு எட்டிப் பார்த்தது, இறங்கிற்று, இன்னும் ஒரே ஒரு படி.

அங்கே நின்றுவிட்டது. டைரக்டர் கையைத் தூக்கிய இடம்.

அறை முழுக்க அந்த ஒரு சுரத்துக்காகக் காத்திருந்தது. தங்கையின் முகம் சுருங்கிற்று. துணியை விரல்கடை குறைத்து வெட்டினால் சுருங்குமே, அதே முகம். 'எங்கே மீதி?' என்று என்னை முறைத்தாள். பேனாவைத் தேடினாள். பேனா கீழே உருண்டிருந்தது.

"ம்ம்."

துருப்பிடித்த கீல்போல ஒரு முனகல். சுருதி சேரவே இல்லை. அவளுக்கு என்றைக்குத்தான் சேர்ந்தது? ஆனால் அது காற்று இல்லை. குறைந்த சுரத்தை அவளே போட்டு அளவை முடித்திருந்தாள்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை, "இன்னொரு தடவ" என்றார். அவள் இன்னொரு தடவை முயன்றாள். பாதி வந்தது, பாதி காற்று. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் வந்து, விளக்கை அடித்துப் பார்த்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "ஒரு பக்கம் நல்லா அசையுது. இன்னொண்ணு தூங்குது. எழுந்திரிக்கலாம். பாப்போம்" என்றார்.

படம் வெளியாகிவிட்டது. அந்த ஜன்னல் திறக்கும்போது ஜனங்கள் மூக்கை உறிஞ்சுகிறார்களாம். மாப்பிள்ளை போய்ப் பார்க்கவில்லை. தினமும் காலையில் வீட்டில் அந்த மெட்டை வாசிக்கிறார், கடைசிச் சுரத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார். உள்ளேயிருந்து எரிச்சலோடு தங்கையின் 'ம்ம்' வருகிறது. சில நாள் முழுசாக, சில நாள் காற்றாக. வராத நாளில் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். என்னிடம் இப்போது நாளைக்கு 'ம்' மட்டும்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நரம்பு இரண்டு, ஒன்று வந்து சேர்ந்தது, மற்றது மூன்று மாதம் தவணை கேட்டிருக்கிறது. டேக் ஐந்து, விற்றது ஒன்று, விலைபோகாத நான்கில் ஒன்று வீட்டு உபயோகத்தில். தங்கையிடமிருந்து வரவு ஒரு சுரம், தரத்தில் கொஞ்சம் குறைவு, குறையோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாப்பிள்ளைக்கு நான் தரவேண்டியது ஒரு கட்டைவிரல். நிலுவை.