யமுனாவின் பேனர்

எனக்குத் தைரியராஜ் என்று பெயர் வைத்தவர் அப்பா. பொருத்தம் பார்க்காமல் வைத்துவிட்டார். பாலக்கரையில் லூர்து ஸ்டூடியோ என்று சின்னதாக ஒரு கடை எனக்கு. கல்யாணத்துக்கெல்லாம் இப்போது ட்ரோன் வைத்திருக்கிற பையன்களைத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மிஞ்சியது காதுகுத்து, சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, சடங்கு. அதிலும் சடங்குதான் வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது.

பெண் பெரியவளாகிவிட்டாள் என்றால் எங்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறது. முக்கொம்பு அணைப் பூங்காவில் வெளிப்புறப் படம், மண்டபத்தில் சிம்மாசனம், தெருமுனையில் பேனர். பேனர் வைக்காவிட்டால் கையில் காசில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளையின் உடம்பில் நடந்ததை ஆளைவிடப் பெரிய எழுத்தில் ஊருக்குச் சொல்கிறோமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்கு இரண்டும் பையன்கள், அதனால் தோன்றவில்லை என்று கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெண்ணைப் பெற்ற அழகிரி அண்ணனுக்கும்தான் தோன்றவில்லை.

அழகிரி அண்ணன் எங்கள் தெருவிலேயே பெயின்ட் கடை வைத்திருப்பவர். யமுனா அவருக்கு ஒரே மகள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். தை மாதம் சடங்கு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் முக்கொம்புக்குக் கூட்டிப்போனேன்.

பட்டுப்புடவை, ஒட்டியாணம், சவுரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளை மரத்தடியில் நின்றது. சிரிப்பு வரவில்லை. நானும் என்னிடமிருந்த பழைய ஜோக்குகளையெல்லாம் எடுத்துவிட்டேன். இருபது வருடமாக எல்லோரையும் சிரிக்க வைத்த ஜோக்குகள். ம்ஹூம். அம்மா டீ வாங்கி வரப் போனபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், ஆல்பம் போடுங்க, பரவால்ல. பேனர் மட்டும் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்களேன். எங்க ஸ்கூல் பஸ் அந்த வழியாத்தான் போகும்."

"சரிம்மா" என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் நிழல் விழுவதற்குள் ஒரு நல்ல படமாவது எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை. சரி என்று சொல்ல எனக்கு என்ன செலவு? அவளோ அதை நம்பிவிட்டாள். தோள் இறங்கியது. அப்படியே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரிய, கண் சுருங்க. என் விரல் தானாக அழுத்திவிட்டது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அழகிரி அண்ணனும் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். கடைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், அதில் நின்றுவிட்டார். பேனருக்கு இதுதான் என்றார். பிள்ளை கொஞ்சம் சங்கடப்படுகிறது என்று நானும் சொல்லத்தான் செய்தேன். சொன்னேன் என்பதைவிட முனகினேன் என்பது சரி.

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும் ராஜு? நம்ம வீட்டு விசேஷம் நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

அந்த ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் தினமும் சொல்கிற பொய்தான் அது. ஆல்பம் தாமதமானால் சொல்வோம், வீடியோ சரியாக வராவிட்டால் சொல்வோம். அன்றைக்கு மட்டும் என் வாயில் வரவில்லை. நல்ல படம் ஊர் பார்க்கட்டும் என்ற ஆசை என்னையும் பிடித்துக்கொண்டது. முகத்திலிருந்த ஒரு பருவை எடுத்தேன், கன்னத்தை வெளுப்பாக்கினேன், பக்கவாட்டில் மாமன்மார்களை வட்ட வட்டமாக ஒட்டினேன். மேலே 'பூப்புனித நீராட்டு விழா' என்று தங்க நிறத்தில் எழுத்து. அதற்குக் கீழே யமுனாவின் பெயர். கடைசி வரியில் என் ஸ்டூடியோவின் பெயரும் போன் நம்பரும்.

சடங்கு முடிந்த மறுநாள் காலை, நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ஸ்கூல் பஸ் தெருமுனையில் மாட்டிக்கொண்டு நின்றது. பேனருக்கு நேரே. ஜன்னலெல்லாம் தலைகள். பையன்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். யமுனா எந்த ஜன்னலிலும் தெரியவில்லை. உள்ளேதான் எங்கேயோ குனிந்து உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

ஆல்பம் வாங்க வந்த அவள் அம்மா மீதியைச் சொன்னார். பேனரை யாரோ செல்போனில் படம் பிடித்து, முகத்தை மட்டும் வெட்டி, வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராக்கிவிட்டார்களாம். வகுப்பு குரூப்பில் குட்மார்னிங் சொல்லவும் அதுதான், கணக்குப் பரீட்சையைக் கிண்டலடிக்கவும் அதுதான். பிள்ளை இனிமேல் அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள் என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. படம் ரொம்ப நல்லா வந்திருக்கு என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அதற்கு நான் நன்றி சொன்னேன், வெட்கங்கெட்டவன்.

பேனர் அப்புறமும் அங்கேயேதான் நின்றது. தானாகக் கிழியும்வரை யார் கழற்றுவார்கள்? ஒருநாள் விடியற்காலை, பால்காரர்கள் வருவதற்கு முன், நானே ஏணி போட்டு அவிழ்த்துக் கொண்டுவந்தேன். அழகிரி அண்ணன் கேட்டால் காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

கொண்டுவந்தாயிற்று, என்ன செய்வது? ஃப்ளெக்ஸ் மக்காது. கொளுத்தினால் தெருவே இருமும். சுருட்டி வீட்டில் வைத்தால் என் மனைவி லிசி அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள். துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள் என்றாள். சின்னப் பிள்ளை முகத்தில் கத்திரியை வைக்கச் சொல்கிறாயா என்று அவளை அதட்டினேன். பெரிய இரக்கசாலி மாதிரி. நான் எடுத்ததிலேயே நல்ல படத்தை வெட்ட எனக்கு மனசில்லை என்பதும் அதில் பாதி.

அப்போதுதான் நசுருதீன் பாய் வந்தார். எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் இளநீர் விற்றவர், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் கடை போடப்போவதாகச் சொன்னார். கூரைக்குப் பழைய ஃப்ளெக்ஸ் இருந்தால் கொடுங்கள் என்றார். பழைய பேனரையெல்லாம் அப்படிக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். டீக்கடைக் கூரை, கோழிக்கூடு, ஆட்டோ மூடி, எல்லாம் அதுதான். எனக்குப் பாரம் இறங்கியது. காவேரிக்கு அந்தப் பக்கம், யமுனாவை அங்கே யாருக்குத் தெரியும்? இருந்தாலும் முன்ஜாக்கிரதையாகச் சொன்னேன்.

"படம் வெளிய தெரியாம உள்பக்கமா வெச்சுக் கட்டுங்க பாய்."

"அப்படியே கட்டிடறேண்ணே" என்று தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்தது. சடங்குப் படம் நன்றாக எடுப்பீர்களாமே என்று கேட்டார்கள். என் பெயர் ஆற்றைத் தாண்டிவிட்டது என்று லிசியிடம் பெருமையடித்துக்கொண்டேன். நம்பர் எங்கே கிடைத்தது என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, யமுனா கடைக்கு வந்தாள். கூட அவள் அத்தை ரஞ்சனி. வளர்ந்திருந்தாள், முடியை இறுக்கிப் பின்னியிருந்தாள். பத்தாவது பொதுத்தேர்வுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டுமாம். ஜூனிலிருந்து அத்தை வீட்டில் இருந்துதான் படிக்கிறாள் என்று ரஞ்சனி சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது.

ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸைப் பார்த்தாள். சிரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிப்பு தேவையில்லை, நல்ல வேளை. எடுத்து முடித்ததும் எழுந்து வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பிரிண்ட் போட்டதும் இதை அழிச்சிடுவீங்களா?"

"சரிம்மா, அழிச்சிடறேன்."

"இப்பவே அழிங்க, நான் பார்க்கறேன். போன தடவையும் சரின்னுதான் சொன்னீங்க."

குரலை உயர்த்தவில்லை. அத்தைக்குக்கூடக் கேட்டிருக்காது. உடனே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் கண் முன்னாலேயே அழித்தேன். ரஞ்சனி பணத்தை எடுத்துக்கொண்டே, பிள்ளை இப்போது நிம்மதியாக இருக்கிறாள், அங்கே யாருக்கும் இவளைத் தெரியாது பாருங்கள் என்றார். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டித்தாங்க. ஸ்கூலும் நடக்கற தூரம்தான்."

அவர்கள் படியிறங்கியதும் கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். காவேரிப் பாலத்தில் எனக்கு முன்னால் போன அத்தனை பஸ்ஸையும் திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் என் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தான்.

நசுருதீன் பாயின் கடை ஜோராக இருந்தது. நாலு கம்பு, ஒரு பெஞ்சு, குவியலாக இளநீர். வெளியிலிருந்து பார்த்தால் கூரை வெறும் வெள்ளை. நான் சொன்ன சொல்லை அந்த மனுஷன் அப்படியே காப்பாற்றியிருந்தார். படத்தை உள்பக்கமாக வைத்துத்தான் கட்டியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து இளநீரை அண்ணாந்து குடிக்கிற ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேரே அது இருந்தது. வானத்தைப் பார்க்கக் கட்டியிருந்தால் காக்கைகள் மட்டும்தான் பார்த்திருக்கும்.

குனிந்து உள்ளே போய் நிமிர்ந்தேன். தங்க எழுத்து, மாமன்மார், ஒட்டியாணம் எல்லாம் இருந்தன. முகம் இருந்த இடத்தில் ஓட்டை. நேராக வெட்டிய ஓட்டை, அதன் வழியாக வெயில் என் மேல் விழுந்தது.

பாய் சொன்னார். ஆடி மாதம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நாலைந்து பிள்ளைகள் வந்தார்களாம். ஒரு பிள்ளை குடிக்க அண்ணாந்தது, அப்படியே இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டது. மறுநாள் தனியாக வந்து, இது யார் கொடுத்தது என்று கேட்டது.

"பாலக்கரை ஸ்டூடியோக்காரர் குடுத்தார்னு சொன்னேண்ணே. உடனே கத்தியைக் கேட்டுச்சு. தரமாட்டேன்னேன். அப்புறம் மேல இருக்கறதையும் அது மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். கத்தியைக் குடுத்துட்டு ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டேன்."

வெட்டின துண்டைச் சுருட்டிப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாளாம். மழை பெய்தால் அந்த இடத்தில் ஒழுகுகிறது, அதுதான் தொல்லை என்றார் பாய். கீழே என் ஸ்டூடியோ பெயரும் நம்பரும் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் பளிச்சென்று இருந்தன. ஸ்ரீரங்கத்து ஆர்டர்களெல்லாம் எந்த வழியாக வந்தன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆக, இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் என் கடைக்கு வந்து என் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று நினைக்க மாட்டேன். அவள் மறைத்தது என்னை அல்ல, தன்னை.

பாய்க்குப் புதுத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேனரை அவிழ்த்துக்கொண்டேன். ரஞ்சனி வீடு கூப்பிடு தூரம். போய் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கேட்டால் எதற்கு என்று அத்தை கேட்பார். அத்தையிடமிருந்து அழகிரி அண்ணனுக்குப் போகும், அண்ணனிடமிருந்து தெருவுக்கு. என் மன்னிப்பும் அவளுக்கு இன்னொரு பேனராகத்தான் முடியும். வண்டியைத் திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கத்திரியை எடுத்தேன். லிசி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். என் பெயரிலிருந்து ஆரம்பித்துத் துண்டு துண்டாக வெட்டினோம். நான் மனசு வராமல் விட்ட வேலையை அந்தப் பிள்ளை ஸ்டூலில் ஏறி நின்று தன் கையால் செய்திருக்கிறது, தன் முகத்துக்கே.

பிறகு கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். முக்கொம்புப் படங்கள் அத்தனையும் அதில் இருந்தன, அந்தச் சிரிப்பும். கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று கை போனது. பார்க்கவில்லை. திறக்காமலே அழித்தேன்.

அழித்துவிட்டேன் என்று என்றைக்காவது யமுனாவிடம் சொல்ல ஆசைதான். அவள் எப்படி நம்புவாள்? போன தடவையும் நான் சரி என்றுதான் சொன்னேன்.