அப்டேட் மேல் விழுந்த பழி

கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்து ஃப்ரேமில் பொருத்துவதுதான் அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வாடிக்கையாளர் தலைவலியோடு திரும்பி வந்து நிற்பார். அப்பேர்ப்பட்ட கை, அன்றைக்குக் காலையில் மட்டும் இரண்டு லென்ஸின் ஓரத்தைப் பேர்த்துவிட்டது. ஏன் பேர்க்காது? ஒரு கண் அரவை இயந்திரத்தில், இன்னொரு கண் பக்கத்தில் கிடந்த போனில். எட்டு மணிக்கு நூறு இருந்த சார்ஜ், பதினோரு மணிக்கு நாற்பத்தொன்று. "பாழாப்போன அப்டேட்டு!" என்று பல்லைக் கடித்தாள்.

செத்தால் சாகட்டும் என்று விடக்கூடிய போனா அது? அவள் புருஷன், முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பேர் பதிந்து மூன்று வருஷம் ஆகிறது. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவோம், அரை மணிக்குள் எடுக்காவிட்டால் அடுத்த பேருக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அவர் பாதி நேரம் அசதியில் தூங்கிப் போகிறவர். அதனால் இவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிகிறாள்.

போன வாரம் போன் தானாக அப்டேட் ஆனது. படமெல்லாம் உருண்டையானது, எழுத்து மாறியது, மேல் ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி கூட முளைத்தது. புது அலங்காரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அதோடுதான் பேட்டரிக்கும் கேடு வந்தது.

அவளும் சும்மா இருந்தாளா? திரை வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தாள். வேண்டாத ஆப்பையெல்லாம் அழித்தாள். தினம் ராத்திரி போனை அணைத்து எழுப்பினாள். பவர் பேங்க் வாங்கினாள். அதையும் மதியத்துக்குள் குடித்துவிட்டு அடுத்து என்ன என்றது. கடையின் முன்பக்கம் சார்ஜில் போடலாம்தான், ஆனால் இயந்திரச் சத்தத்தில் மணி அடித்தால் யாருக்குக் கேட்கும்?

சாப்பாட்டு நேரம் வந்ததும் காலில் வெந்நீர் ஊற்றியவள் மாதிரி பக்கத்துத் தெரு போன் ரிப்பேர்காரரிடம் ஓடினாள். "தம்பி, இது வேண்டாம், அந்தப் பழையதையே திரும்பக் குடுத்துடுங்க. புண்ணியமாப் போகும்."

அவர் நிதானமாகத் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவளுக்கோ நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"அக்கா, எங்கயாவது வெளியூர் கிளம்பறீங்களா?"

"நானா? வீட்டை விட்டா கடை, கடையை விட்டா ஆஸ்பத்திரி."

"அப்புறம் ஏன் மேப் ஓடுது? ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு துறைமுகத்துக்கு வழி காட்டிட்டே இருக்கு. சத்தத்தை மட்டும் அணைச்சு வெச்சிருக்கு. இந்த அம்புக்குறி அதுக்குத்தான். பேட்டரி ஏன் குடிக்காது?"

"பாத்தீங்களா! எல்லாம் அந்த அப்டேட்டு பண்ற வேலை."

"அப்டேட்டு புதுசுல ரெண்டு நாள் கொஞ்சம் குடிக்கும், அதோட சரி. இது இன்னைக்குக் காலைல ஏழே காலுக்கு ஆரம்பிச்சிருக்கு. நேத்தும் ஏழே கால். முந்தாநாளும் ஏழே கால். மனுஷன்தான்கா இப்படி மணி பாத்து வேலை செய்வான்."

ஏழே காலுக்கு அவள் குளிக்கப் போவாள். போன் சாப்பாட்டு மேசையில் சார்ஜில் இருக்கும். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அந்தத் துறைமுகத்துக்கு மாதம் இரண்டு தடவை சரக்கு ஏற்றிப் போனவர் யாரென்று ஊருக்கே தெரியும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். திருடனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தெருவெல்லாம் தேடியிருக்கிறாள்!

கடைக்குத் திரும்பவில்லை. நேரே வீட்டுக்குப் போய், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த புருஷன் முன்னால் போனை நீட்டினாள். "இது என்னங்க?"

அவர் அம்புக்குறியைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம்.

"போன திங்கக்கிழமை ஆஸ்பத்திரிலேர்ந்து அடிச்சுது, கிட்னி வந்திருக்குன்னு. நீ குளிச்சிட்டிருந்த. முதல் மணிக்கே நான்தான் எடுத்தேன். காய்ச்சல், வர முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கேட்டா வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதான், சார்ஜ் தீர்ந்து போன் அடிக்காமலே போகட்டும்னு…"

"அடப்பாவி மனுஷா! மூணு வருஷமா நான் குளிக்கிறப்பக்கூட கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் குளிக்கிறேன். ஏங்க? நான் சரியாப் பாத்துக்கலையா? என்ன குறை வெச்சேன்?" அவர் வாய் திறக்குமுன் அவளே அடுத்ததைக் கேட்டாள், அதற்கடுத்ததையும் கேட்டாள். அழுகையும் கோபமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. அதே வேகத்தில் ஆஸ்பத்திரிக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

பதிவைப் பார்க்கும் அம்மாள்தான் எடுத்தார். "பேர் இருக்கும்மா. காய்ச்சல்னு சொன்னதால தற்காலிகமா நிறுத்தி வெச்சிருக்கோம். ஐயா பக்கத்துல இருக்காரா? ஐயா, காய்ச்சல் விட்டுடுச்சா? திரும்பச் சேர்த்துடலாமா?"

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "காய்ச்சலே இல்லம்மா. பயம். மயக்க ஊசி போட்டா எந்திரிக்க மாட்டேனோன்னு பயமா இருக்கு."

"எல்லாருக்கும் வர்றதுதாங்க. டாக்டர்கிட்ட பேச நேரம் வாங்கித் தர்றேன். இதை வீட்ல சொன்னீங்களா?"

"சொல்ல வந்தேன். வாயைத் திறந்தாலே 'பயப்படாதீங்க, நான் இருக்கேன்'ன்னு அடைச்சுடுவா. அதுக்கப்புறம் என்னத்தம்மா சொல்றது?"

அவளுக்கு அப்போதும் அதே வார்த்தைதான் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.