ஆற்றுப் பக்கத்துக் கம்பம்

1

"பலகையில சைபர் வந்துச்சு லோவெல், நான் என்ன கனவா—"

"சைபர் வந்தா கம்பத்தைச் சாய்ச்சிடுவியா? அறுபத்து மூணு வயசுல—"

"நான் மட்டுமா சாய்ச்சேன், மொத்தக் காலேஜும்தான்—"

"மொத்தக் காலேஜும் கீழ நின்னுச்சு. மேல தொங்கினது நீ ஒருத்திதான்."

கதை எனக்கு இப்படித்தான் வந்தது, முகம் இல்லாமல். மளிகைக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி ஏதோ கம்பத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று நான் திரும்பவில்லை. வேலிக் கம்பமோ, கொடிக் கம்பமோ; பலகையும் காலேஜும் நான் சேர்த்தவை. நான் அதை அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக் கோல் கம்பமாக்கி, கிழவரை எங்கள் கல்லூரி அணியின் பயிற்சியாளர் ஆக்கிவிட்டேன். அயோவாவில் ஒரு சின்ன ஊரில் முப்பத்தைந்து வருடம் இருந்தவளுக்கு நவம்பர் மாதத்தில் வேறு எந்தக் கம்பம் தோன்றும்?

2

அந்த இலையுதிர் காலத்தில் மக்காச்சோள வயல்கள் பொன்னிறமாக—

வேண்டாம். எங்கள் மாநிலத்தில் எல்லாக் கதையும் சோளத்தில்தான் ஆரம்பிக்கிறது. அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம் பயிற்சி தொடங்கிய அன்று, லோவெல் தன் மனைவி மார்லிஸுக்கு ஒரு வாக்குக் கொடுத்தான்.

இது பரவாயில்லை. வாக்கு இதுதான்: இந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவது, வீட்டை விற்பது, மேற்குக் கடற்கரையில், ஓரிகனில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோவது. மார்லிஸ் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். ஒன்றாவது ஜெயிக்காமலா போவோம் என்ற தெம்பில் அவன் சொன்னான். ஒன்றுகூட ஜெயிக்க மாட்டார்கள் என்ற தெம்பில் அவள் சரி என்றாள். அணியை அவள்தான் சரியாக எடை போட்டிருந்தாள்.

முதல் தோல்விக்கு மழை காரணம், இரண்டாவதுக்கு நடுவர். ஐந்தாவது ஆட்டத்தில் நன்றாகவே ஆடினோம், அதுதான் எல்லாரையும் அதிகம் புண்படுத்தியது. எட்டாவது தோல்விக்கு மறுநாள் மார்லிஸ் கராஜில் அட்டைப்பெட்டிகளை விரித்து வைத்தாள். பார்த்தும் பார்க்காததுபோல லோவெல் அன்றிலிருந்து காரைத் தெருவில் நிறுத்தினான். ஒன்பதாவது தோல்வியன்று இரவு மார்லிஸ் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சிலிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் செய்து வைத்தாள். சாப்பிட்டார்கள்.

3

இனி கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில். இரண்டு புள்ளி முன்னால் இருக்கிறோம். ஸ்கோர் பலகையில் நேரம் சைபர். மாணவர்கள் சுவரேறிக் குதித்து ஆற்றுப் பக்கத்துக் கம்பத்தை நோக்கி ஓடுகிறார்கள். ஜெயித்த அன்று அதைச் சாய்த்துத் தூக்கிப் போய் ஆற்றில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். வாய்ப்புத்தான் அடிக்கடி வராது. நாலு பையன்கள் தோள் கொடுக்க மார்லிஸ் குறுக்குக் கட்டையைப் பிடித்துத் தொங்குகிறாள்.*

கம்பம் சாய்கிறது. அப்போதுதான் தலைமை நடுவர் வந்து, எதிரணி முன்பே இடைநிறுத்தம் கேட்டுவிட்டது, ஒரு நொடி மீதி, அவர்கள் உதைக்கலாம் என்கிறார். பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஆட்டம் அவர்களுக்கு.

"எதுக்கு நடுவுல உதைப்பாங்க? கம்பம் ஆத்துக்குப் போயிட்டிருக்கே," என்றான் லோவெல்.

"அந்தக் கோடியில ஒண்ணு நிக்குதே கோச். அங்க போய் உதைக்கட்டும்," என்றார் நடுவர்.

இங்கே காற்று எப்போதும் ஆற்றிலிருந்து வரும். அந்த எதிரணிப் பையன் முற்பாதியில் ஆற்றுப் பக்கம் உதைத்த பந்து பாதி வழியில் காற்றில் நின்று விழுந்தது. இப்போது மறுகோடியை நோக்கி உதைத்தால் அதே காற்று அவனுக்குப் பின்னால்.

*அறுபத்து மூன்று வயதில், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட பெண் எப்படித் தொங்குவாள் என்று கேட்கலாம். மளிகைக் கடைக் குரல் "தொங்கினது நீ" என்றது, நான் நம்பினேன். மைதானம் மாறி உதைக்க விதியில் இடம் உண்டா என்றும் கேட்கலாம். கேட்காமலிருந்தால் நல்லது.

4

சிக்கல் மார்லிஸ்தான். ஜெயித்தால் அவளுக்கு ஓரிகன் இல்லை. பின்னே எந்தச் சந்தோஷத்தில் ஓடிப்போய்த் தொங்கினாள்?

ஒரு பிரதியில், முப்பது வருடம் அந்த அணிக்காகக் குளிரில் உட்கார்ந்தவளுக்கு ஒரு நிமிடம் பெட்டிகள் மறந்துபோயின என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அந்த முப்பது வருடமும் அதே இருக்கையிலிருந்து அவள் பார்த்தது ஆட்டத்தை மட்டுமா, காற்றையும்தானே? அடுத்த பிரதியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்:

[ஓடத் தொடங்குமுன், இடைநிறுத்தத்துக்காக நடுவர் கையைத் தூக்கியதை மார்லிஸ் பார்த்தாள்.]

எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். இப்போது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. வேண்டியவர் படிக்கலாம், வேண்டாதவர் தாண்டிப் போகலாம். பந்து உள்ளே போயிற்றா என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்கிறேன். எனக்குக் குரல்கள் அதுவரைதான் கேட்கின்றன.

5

இரண்டு அணிகளும் மைதானத்தின் மறுகோடிக்கு நடந்துபோகின்றன. கோட்டருகே லோவெல், பக்கத்தில் உள்ளங்கை சிராய்த்த மார்லிஸ். ஆற்றங்கரையில் மாணவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் போய்ச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"உண்மையைச் சொல்லு. நடுவர் கை தூக்கினதைப் பார்த்தியா?"

"பார்த்திருந்தா?"

"பார்த்திருந்தா நீ என் ஆட்டத்தைக் கெடுத்துட்டேன்னு அர்த்தம்."

"எத்தனை ஆட்டம் லோவெல்? நீயாவே கெடுத்ததுல எனக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

அவன் சிரிக்கவில்லை. சிரித்தான் என்றும் ஒரு பிரதியில் இருக்கிறது. பந்தைக் கீழே வைக்கிறார்கள். அந்தப் பையன் இரண்டு அடி பின்னால் போய் நிற்கிறான். மார்லிஸ் கணவனின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்புகிறாள்.

"அந்தப் பந்து உள்ள போயிடணும்னு உன் மனசுல ஒரு மூலையிலகூட ஆசை இல்லைன்னு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு கோச்."