போட்டோக்கடைச் சித்தர்

எனக்கு அந்த ஆளப் பாத்த உடனே பிடிக்கல. மொகம் என்னமோ நல்ல மொகந்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா நான் காலைப் பாத்தேன். பூட்ஸ். குத்தாலத்துக்குக் குளிக்க வாரவன் எவனாவது பூட்ஸ் போட்டுக்கிட்டு வருவானா? போலீஸ்காரன் போடுவான், இல்லன்னா பாரஸ்ட்காரன் போடுவான்.

அது அறுபத்தொண்ணாம் வருசம், ஆடி இருவது தேதி வாக்கில. சாரல் நல்லா விழுது. செண்பகாதேவி அருவிக்கு ஏறுத பாதை முக்குல நான் வீடு கூட்டுத வாரியல் வித்துக்கிட்டிருந்தேன். வயல்வேல இல்லாத மாசத்தில மலையில புல்லறுத்து வாரியல் கட்டி விக்கதுதான் எம் பொழப்பு.

"மந்திரமூர்த்தி நீருதானா?"

"நாந்தான். என்ன வேணும்?"

"எம்பேரு பால்வண்ணநாதன். தென்காசில போட்டோக்கடை வச்சிருக்கேன். பெரிய அருவி, ஐந்தருவி எல்லாத்தையும் ஆளாளுக்குப் படம் பிடிச்சுத் தள்ளிட்டானுவ. எனக்குப் பாதையே இல்லாத எடத்தில இருக்க அருவி வேணும். ஒமக்கு மலையில மூலமுடுக்கெல்லாம் தெரியும்னு சொன்னாவ."

"யாரு சொன்னா?"

"கடைவீதில சொன்னாவ" ன்னு இழுத்தாரு. அந்த இழுப்பு எனக்குச் சரியாப் படல.

"ஐயாவுக்குப் பூர்வீகம் எது?"

"சுரண்டை."

சுரண்டைன்னதும் எனக்குச் சந்தேகம் கூடிப் போச்சு.

ஏன்னு சொல்லுதேன். எந்தம்பி சுந்தரபாண்டி நாலு மாசமா அந்த மலைக்குள்ளதான் ஒளிஞ்சு கெடந்தான். பங்குனி அறுப்பில, சுரண்டைப் பக்கத்துக் களத்தில வச்சு, பண்ணைக் காரியஸ்தன் வல்லிநாயகம் எங்க அப்பாவக் கன்னத்தில அறைஞ்சிட்டான். வயசான மனுசன், களத்திலயே உக்காந்திட்டாரு. பாத்துக்கிட்டு நிக்கதுக்கு எந்தம்பி என்ன மரக்கட்டையா? கெடந்த கம்பெடுத்து ஒரே போடு. காரியஸ்தனுக்குக் கை ஒடிஞ்சு போச்சு. கொல்ல வந்தான்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திட்டான். பெறகு கை கூடினதும் அவனுக்கே மனசு எளகிச்சு. ஆவணி பொறந்ததும் வக்கீல் முன்னால ராசியாப் போயிருவோம், அது வரைக்கும் பய போலீஸ் கையில சிக்காம இருக்கணும், சிக்கிட்டா அப்பொறம் எங்கையில ஒண்ணுமில்லன்னு ஆள் விட்டுச் சொல்லிட்டான். ஆவணி பொறக்கதுக்கு இன்னும் பன்னெண்டே நாளு.

அந்த நேரத்தில பாத்து, சுரண்டைக்காரன் ஒருத்தன், பூட்ஸ் போட்டுக்கிட்டு, பாதையில்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கான். நீங்களா இருந்தா என்ன நெனப்பிய?

முடியாதுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா நான் போகலன்னா எங்கூட வாரியல் விக்க அருமைநாயகம் போவான். அவன் நாக்குத் தொங்கப் போட்டுக்கிட்டு எங்கேயும் நுழைவான். அதுக்கு நானே கூட்டிட்டுப் போயி, வேற தெசையில நாலு சுத்துச் சுத்தி எறக்கி விட்டிரலாம்னு, "வாங்கய்யா" ன்னு கிளம்பிட்டேன்.

பெட்டிய நான் தூக்கினேன். மூணு காலு ஸ்டாண்ட அவரே தூக்கினாரு. செண்பகாதேவி வரைக்கும் படி. அதுக்கு மேல பாதைய விட்டு வலது கையில திருப்பினேன். ஒரே மூங்கில் புதரு, அட்டைக்கடி, வழுக்குப் பாறை. ரெண்டு அருவி காட்டினேன். ரெண்டும் பிடிக்கல அவருக்கு. ஒரு நோட்ட எடுத்து என்னமோ குறிச்சுக்கிட்டாரு.

"என்னய்யா எழுதுதிய?"

"வெளிச்சம், மணி, எடம். அங்கன மேல ஆள் நடமாட்டம் உண்டுமா?"

"எதுக்குக் கேக்கிய?"

"ஆளு குறுக்க வந்தா படம் கெட்டுப்போகும்."

படம் கெட்டுப்போகுமாம்! எங்கிட்டயே காது குத்துதான் பாரு, சவத்து மூதின்னு மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டேன்.

அப்பந்தான் அந்த ஆளு நின்னு காதக் குடுத்துக் கேட்டாரு. "எடது பக்கம் ஒரு அருவி விழுதே!" ன்னாரு. "அது காத்துச் சத்தம்" ன்னேன். கேக்கலியே. நான் கூப்பிடக் கூப்பிட ஓடையிலயே எறங்கி, பூட்ஸ் நனைய மேல ஏறிட்டாரு. பொறத்தால ஓடுனேன். ஏறி நிமிந்தா, எந்தம்பி ஒளிஞ்சிருக்க அருவிக்கே நேரா வந்து நிக்கோம். 

நல்ல வேளை, அவன் கண்ணுல படல. பக்கத்துப் பாறைப் பொடவுக்குள்ள படுத்திருக்கான் போலன்னு ஆறுதலா இருந்துச்சு. போட்டோக்காரரு, "இதுதான்யா, இதுதான்யா" ன்னு துள்ளுதாரு. ஸ்டாண்ட விரிச்சாரு, கேமராவ மாட்டினாரு, கறுப்புத் துணியத் தலையில போத்திக்கிட்டு உள்ள குனிஞ்சாரு. அவரு துணிக்குள்ள இருக்கையில பொடவுக்குள்ள இருந்து எந்தம்பி வாரான்! தாடியும் சடையுமா, கோவணத்தோட, கையில தண்ணிச் சட்டி. நேரா அருவிக்கு எறங்குதான்.

மலைக்குப் புல்லறுக்கப் போற எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. ஆனையோ பாரஸ்ட் கார்டோ வந்திட்டா, மொதல்ல பாத்தவன் குக்குறுவான் குருவி கூவுத மாதிரி ஒரு தடவ கூவணும். கேட்டவன் எங்கன நிக்கானோ அங்கனயே, எப்படி நிக்கானோ அப்படியே நிக்கணும். ஓடினா கொப்பு அசையும், கண்ணு அங்கன போகும். நின்னா மரமும் மனுசனும் ஒண்ணுதான். பால்குடி மறந்ததில இருந்து எங்களுக்கு இது பாடம்.

கூவுனேன். எந்தம்பி அப்படியே நின்னுட்டான். அருவிக்கு ஒட்டின வேரோட வேரா, சட்டிய மார்ல அணைச்சுக்கிட்டு, ஒரு கால் முன்ன ஒரு கால் பின்ன.

போட்டோக்காரரு துணிய விட்டு வெளிய வந்தாரு. என்னமோ ஒரு பலகைய உள்ள சொருகினாரு. கண்ணாடி மேல இருந்த மூடியக் கழட்டிட்டு, கைக்கடிகாரத்தப் பாத்து வாய்க்குள்ள எண்ணுதாரு. நான் அவரு மூஞ்சியத்தான் பாக்கேன். அருவிப் பக்கம் திரும்பினா ஒரே தள்ளா ஓடைக்குள்ள தள்ளிரணும்னு கை ரெண்டும் துடிக்கி. ஆளு கடிகாரத்த விட்டுக் கண்ணெடுக்கல. இருபது எண்ணி முடிச்சு மூடியப் போட்டாரு. சாரல் ஓங்கி அடிச்சுது. "கெட்டுது, கேமரா நனையுது!" ன்னு அவசர அவசரமா மூட்டை கட்டினாரு. அவ்வளவுதான்.

எறங்கையில அந்தப் பெட்டி எந்தலையில. ஓடையத் தாண்டும்போது தவற விட்டுரலாமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. சீ, ஆளுதான் ஒண்ணையும் பாக்கலியே, வீணா எதுக்குச் சந்தேகத்தக் கிளப்பணும்னு பத்திரமாக் கொண்டாந்து கையில குடுத்தேன். போலீஸ்காரன் ஏமாந்தான் பாருன்னு அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்.

எட்டாம் நாளு தென்காசி பூரா ஒரே பேச்சு. மலையில சித்தர் காட்சி குடுத்திருக்காராம், போட்டோவில விழுந்திருக்காராம்! பஸ்ஸேறி ஓடினேன். போட்டோக்கடை வாசல்ல கூட்டம் நெரியுது. கண்ணாடிக்குப் பின்னால கதவளவுக்குப் பெரிய படம். அருவி பால ஊத்தின மாதிரி இருக்கு. அதுக்குப் பக்கத்தில எந்தம்பி! சட்டிதான் திருவோடாம். பொம்பளைக கன்னத்தில போட்டுக்கிடுதாளுவ. ஒருத்தி கற்பூரம் ஏத்துதா.

நானும் கன்னத்தில போட்டுக்கிட்டேன். வேறென்ன செய்ய?

அன்னைக்குச் சாயந்தரமே ஒரு ஏட்டு பொண்டாட்டியோட கும்பிட வந்திருக்கான். அவந்தான் எந்தம்பி கேச எழுதினவன். "அடியே, இது சித்தர் இல்லட்டி, கையொடிச்ச சுந்தரபாண்டில்லா!" ன்னானாம். போட்டோக்காரரு நோட்டில எடமெல்லாம் குறிச்சு வச்சிருந்தாரே, பெறகென்ன? மறுநாள் விடிய ஏழு பேரு மலையேறிக் கூட்டிட்டு வந்திட்டானுவ. ஆவணிக்கு மூணே நாளு இருந்துச்சு. காரியஸ்தன் கைய விரிச்சிட்டான். மூணு வருசமாவது போடுவான்னு வக்கீல் சொல்லுதாரு.

நான் நேரா போட்டோக்கடைக்குப் போயி அந்த ஆளு சட்டையப் பிடிச்சேன். "எம்புட்டுலே குடுத்தான் ஒனக்கு? போலீஸ் குடுத்தானா, பண்ணை குடுத்தானா?"

அவரு சட்டைய விடுவிக்கக் கூடப் பாக்கல. கண்ணுல தண்ணி. "சத்தியமா எனக்குத் தெரியாதுய்யா. துணிக்குள்ள எல்லாம் மங்கலா, தலைகீழாத்தான் தெரியும்; படத்தக் கழுவிப் பாக்கையிலதான் ஆளே தெரிஞ்சாரு. நான் சித்தர்னுதான் நம்பினேன்."

"மனுசனப் பாத்தா சித்தராத் தெரியுதோ ஒனக்கு?"

"இருபது எண்ணினேன் பாத்தீரா? அதுக்குள்ள அசையுத எதுவும் படத்தில நிக்காது. அதாலதான் தண்ணி பாலாத் தெரியுது. இந்தக் கொப்பப் பாரும், காத்தில ஆடுச்சு, வெறும் பொகை. அவரு நடந்திருந்தாலோ ஓடியிருந்தாலோ படத்தில இருந்திருக்கவே மாட்டாரு. ஒரு மயிரிழை கூட அசையாம ஒரு மனுசனால இருபது எண்ணுத வரைக்கும் நிக்க முடியுமா? அதான் சித்தர்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

எங்கை தானா சட்டைய விட்டிருச்சு.

அடுத்த வாரம் ஜெயில்ல பாக்கப் போனேன். தாடியெல்லாம் வழிச்சு, சின்னப் பய மாதிரி கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கான்.

"அண்ணே, எப்படிண்ணே கண்டுபிடிச்சான்? நீ கூவுன ஒடனே நின்னேன்லா? அட்டை தொடையில ஏறிக் கடிக்கி, தட்டி விடல. மூச்சக் கூட விடலண்ணே."

"தெரியும்லே. நல்லாத்தான் நின்ன."

"பெறகு காட்டிக் குடுத்த மூதி யாரு?"

"நாந்தாம்லே" ன்னேன்.

அவன் என்னையே பாத்தான். பெறகு சிரிச்சிட்டான். "போண்ணே, ஊர்ல ஒருத்தன் விடாம எல்லாரையும் சந்தேகப்பட்டே. இப்ப ஒம்மேலயே வந்திட்டா?"