மாசத்துக்கு ரெண்டு

என் மண்டையைத் திறப்பதா வேண்டாமா என்று மறுநாள் காலை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.

எனக்கு வருவது கீழே விழுந்து துடிக்கிற வலிப்பு இல்லை. நின்ற இடத்திலேயே நின்றுவிடுவேனாம். கண் குத்திட்டு நிற்குமாம், வாய் எதையோ மெல்லுமாம், விரல்கள் கிடைத்த துணியைப் பிடித்துப் பிசையுமாம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். வந்தது எனக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு. மாசத்துக்கு ரெண்டு என்பார் வீட்டுக்காரர். நான் அதையே டாக்டரிடம் ஒப்பிப்பேன்.

மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்து டாக்டரம்மாவுக்கே அலுத்துவிட்டது. மூளையில், இடது காதுக்கு மேலே, பழைய தழும்பு ஒன்று இருக்கிறதாம். அதை எடுத்துவிட்டால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வார்த்தைகள் குடியிருக்கிற இடமும் அதை ஒட்டித்தான். "பொருளைப் பாத்தா என்னன்னு தெரியும், பேர் மட்டும் வாயில வராம போகலாம். ஆளுங்க பேரும் அப்படித்தான். மாசத்துக்கு ரெண்டுதான்னா நிதானமா யோசிங்க. தினமும் வந்தா நான் யோசிக்கவே விடமாட்டேன்" என்றார்.

நான் பார்லர் நடத்துகிறவள். கத்தரிகூட அப்புறம்தான், வாய்தான் என் முதலீடு. ஒருத்தர் தலையில் கை வைத்தால் அவர் மாமியார் பேர், மகன் பேர், பேத்தி பேர் எல்லாம் என் நாக்கு நுனியில் நிற்கும். மாசத்துக்கு ரெண்டு தடவை மரம் மாதிரி நிற்பதற்காக இதையெல்லாம் பணயம் வைக்க எனக்கென்ன பைத்தியமா?

அன்று முற்பகல் ஒரு புது கஸ்டமர் வந்தார். கடையில் என்னோடு வேலை செய்வது என் நாத்தனார். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பேர். அவள் உள்ளே டவல் மடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அம்மாவுக்குத் தோள் அளவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, என் கையில் சீப்பு. நாற்காலி காலி. அந்த அம்மா கழுத்தில் கட்டிய துணியோடு வாசல் கதவில் முதுகை ஒட்டி நின்றார். ஒரு பக்கம் முடி நீளம், மறுபக்கம் குட்டை.

"என்னம்மா, எழுந்துட்டீங்க?" என்றேன்.

"என்னைக் கேக்குறீங்களா? கத்தரியை என் காதுகிட்ட வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டீங்க. கூப்பிடக் கூப்பிட திரும்பல. இவங்க என்னடான்னா ஓடி வந்து கத்தரியை உருவிட்டு, கையில சீப்பைக் கொடுத்துட்டு, ஒண்ணுமில்லன்னு சிரிக்கிறாங்க!"

ரேடியோ கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

மீதி முடியை அவள் வெட்டி அனுப்பும்வரை சோபாவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தரி பிடித்த கையில் சீப்பு இருப்பது எனக்குப் புதிதே இல்லை. நானே மாற்றி எடுத்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கதவைச் சாத்திவிட்டு, "எவ்வளவு நாளா இந்த வேலை?" என்றேன்.

"முதல்ல தண்ணி குடிங்க அண்ணி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கடை ஆரம்பிச்சதிலேர்ந்து. பழைய கஸ்டமருங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். நீங்க நின்னா யாரும் பதறக் கூடாது, அசையக் கூடாது, நான் வந்து கத்தரியை வாங்கிக்குவேன்னு. இவங்க புதுசு, சொல்றதுக்குள்ள வந்துருச்சு."

"மாசத்துக்கு ரெண்டுதானே?"

அவள் அழுதுவிட்டாள். "தினமும் வருது அண்ணி. சில நாள் ரெண்டு மூணு கூட. சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு."

என் தலைக்குள் நடப்பது என்னைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கிறது. கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மதியம் கொஞ்ச நேரம் வீட்டில் இருந்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்புவார். நான் போனபோது டீ ஆற்றிக்கொண்டிருந்தார். தங்கை போன் போட்டிருப்பாள் போலும், முகம் செத்துக் கிடந்தது.

"என்னை என்ன கிறுக்கின்னு நினைச்சீங்களா?"

என் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். "உக்காந்து பேசு."

"நின்னுதான் பேசுவேன். நாளைக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். நீங்க பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பீங்க, இல்ல?"

"ஆமா" என்றார். இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஆரம்பத்துல உள்ளதைத்தான் சொன்னேன். நீ கட்டிலை விட்டே இறங்கல. குளிக்கப் போகவே பயந்த. அதான் குறைச்சுச் சொன்னேன். உடனே எழுந்து வந்து கடை போட்ட. அப்புறம் எந்த வாயால ஏத்திச் சொல்றது?"

"சரி. ஆபரேஷன் பேச்சு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "பயமா இருக்கு. கண்ணு முழிச்சு, நீங்க யாருன்னு என்னையே கேட்டுட்டா?"

"உங்க பேரைச் சொல்லி நான் என்னைக்குக் கூப்பிட்டேன்? ஏங்கன்னுதானே. அது எங்கயும் போகாது."

சிரிப்பார் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. எனக்குக் கோபம் குறையவில்லை, பாவமாகவும் இருந்தது. ஒரு பக்கம் தினமும் யாரோ ஒருத்தர் காதருகே என் கத்தரி. இன்னொரு பக்கம் என் வாய், நான் சேர்த்து வைத்த பேர்கள். நாளைவரை இழுப்பானேன், இப்போதே சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

"நல்லா கேட்டுக்குங்க" என்றேன்.

டம்ளர் என் கையில் இல்லை. மேசைமேல் இருந்தது, டீயில் ஆடை படர்ந்திருந்தது. அவர் என் பக்கத்தில் வந்து இரண்டு முழங்கைகளையும் தாங்கிப் பிடித்திருந்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான் ஏதோ சொல்ல வந்தேனே."

"சொல்லி முடிச்சுட்ட. அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

"என்ன சொன்னேன்?"

எவ்வளவு துழாவினாலும் எனக்குள் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முதலிலிருந்து மறுபடி யோசிக்கத் தலையில் தெம்பும் இல்லை. "வேண்டாம்னு சொன்ன" என்று அவர் சொன்னால் நம்பிவிடுவேன். வேறு சாட்சி கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வேன் கிளம்புகிற நேரம் தாண்டிவிட்டது. அவர் நகரவில்லை. என் முழங்கையில் அவர் விரல்கள் வலிக்கிற அளவுக்கு இறுகின.

"பண்ணிக்கிறேன்னு சொன்ன" என்றார். சொன்னதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.