மூன்று நாள் ஊறிய ஸ்பிரே கன்

முப்பத்தெட்டு டாலர் நாற்பது சென்ட். டெல்பர்ட் ஹூக்ஸ்ட்ரா ஆர்லிஸுக்குத் தர வேண்டியது அவ்வளவுதான். அப்படி ஒரு பணம் வரவேண்டியிருப்பது ஆர்லிஸுக்கே தெரியாது. பெயின்ட் அடிக்கிற ஸ்பிரே கன்னுக்குள் போடுகிற வாஷர், சீல் எல்லாம் அடங்கிய ஒரு சின்னப் பொட்டலத்தின் விலை அது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு சின்ன விமான ஓடுதளத்தை ஒட்டி ஒன்பது கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் யாராவது சொந்தக் கையால் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருப்பார்கள். டெல்பர்ட்டுக்குப் பிழைப்பு சீஸ் ஃபாக்டரியில் தொட்டி கழுவுவது, இருபத்தாறு வருஷமாக. லீவு நாளில் மட்டும் விமானம். பக்கத்துக் கொட்டகையில் ஆர்லிஸ் க்ரூகர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள்.

ஏப்ரலில் இறக்கைச் சட்டங்களுக்கு, பெயின்ட்டுக்கு முந்தைய பூச்சான பிரைமர் அடிக்க அவளுடைய கன்னை இரவல் வாங்கினான். கொடுக்கும்போது அவள் ஒன்றுதான் சொன்னாள். "பிரிச்சுக் கழுவு டெல். ஊசி, மூக்கு, மூடி, எல்லாம் தனித்தனியா. முழுசா மட்டும் ஊறப்போட்டுடாத."

அடித்து முடித்த நேரத்தில் ஃபாக்டரியிலிருந்து போன். ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லையாம். இறுக வைக்கிற ஹார்டனர் கலந்த பிரைமர் காத்திருக்காது, சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். பிரித்துக் கழுவ அரை மணியாவது வேண்டும். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பெயின்ட்டைக் கரைக்கிற தின்னர் டின்னுக்குள் கன்னை முழுசாக முக்கிவிட்டுப் போனான். ஷிஃப்ட் மேல் ஷிஃப்ட். திரும்பி வர மூன்று நாள் ஆனது. வெளியே பளபளவென்று துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். நல்லாத் தேய்ச்சிருக்கியே என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஆர்லிஸ் தன் விமானத்தின் வால் தகடுகளுக்கு பிரைமர் அடித்தாள். ஒரு இடத்தில் சொட்டுச் சொட்டாகத் துப்பியது, ஒரு இடத்தில் வழிந்தது, ஒரு இடத்தில் ஒட்டவே இல்லை. எதிர்க் கொட்டகை மெர்ல் எட்டிப் பார்த்து, "என்ன ஆர்லிஸ், வாலுக்கு அம்மை போட்டிருச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட்டும் சிரித்தான். ஆர்லிஸ் மட்டும் தன் வலது கையைப் பார்த்தாள். குளிர்காலத்திலிருந்து அதில் லேசாக ஒரு நடுக்கம் இருந்தது.

மூன்று வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. ஆர்லிஸின் பாதி கட்டிய விமானம் விற்பனைக்கு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாநிலமான அயோவாவிலிருந்து அதை ஏற்றிப்போக ஒருவன் டிரெய்லரோடு வருவதாக மெர்ல் சொன்னான். வேறு எதையும் டெல்பர்ட் கேட்கவில்லை.

பணத்தை உறையில் போட்டு அவள் கதவுக்கடியில் தள்ளிவிடலாமா என்று யோசித்தான். உறை இரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே கிடந்தது. அதனால் என்ன ஆகும்? கன் சரியாகும். நடுங்குகிற தன் கையால்தான் எல்லாம் கெட்டது என்று அவள் நினைப்பது சரியாகுமா?

சனிக்கிழமை காலை அவள் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது போய் நின்றான். மூன்று நாள் கதையை முழுசாகச் சொன்னான். போன் வந்ததைச் சொல்லும்போது அது சாக்கு மாதிரியே அவன் காதுக்கும் கேட்டது.

ஆர்லிஸ் பெட்டிக்குள்ளிருந்து கன்னை எடுத்துப் பிரித்தாள். வாஷர் ஊறிய திராட்சை மாதிரி உப்பி வெளியே வந்தது. காற்று போகிற துளைகளில் பிரைமர் சகதி. ஊசியை நீட்டி, கழுவு என்றாள். அவன் ஒவ்வொன்றாகக் கழுவினான், ஃபாக்டரியில் மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது கழுவுவதுபோல. டிராயரில் வைத்திருந்த, முப்பத்தெட்டு நாற்பது என்று விலை ஒட்டிய புதுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மாட்டினாள். மீதியிருந்த பிரைமரைக் கொஞ்சம் கலந்து ஒரு பழைய அட்டைப் பெட்டியில் அடித்தாள். விசிறி விரித்த மாதிரி ஒரே சீராக விழுந்தது. கை அப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"மூணு வாரம் டெல். ஒரு டம்ளர் தண்ணிய கையில புடிச்சுக்கிட்டு, தளும்புதா தளும்புதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ வர்ற நாளெல்லாம் இந்தப் பக்கமா காலை வணக்கம் சொல்லிட்டுப் போன."

டெல்பர்ட் உறையை நீட்டினான்.

வாங்கிக்கொண்டு, "அயோவாக்காரனுக்கு நீயே போன் பண்ணு. வர வேண்டாம்னு சொல்லு. ஏன்னும் சொல்லு" என்றாள்.

பண்ணினான். முன்பின் தெரியாதவனிடம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். ஏற்கெனவே டிரெய்லரை மாட்டி வைத்திருந்த அந்த ஆள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வைத்தான்.

ஆர்லிஸ் அதற்குள் உறையை எண்ணி முடித்திருந்தாள்.

"முப்பத்தெட்டுதான இருக்கு. நாப்பது சென்ட் எங்க?"

டெல்பர்ட் பேன்ட் பையைத் துழாவினான். தின்னர் வாடை அடிக்கும் விரல்களால் ஒரு கால் டாலரும், ஒரு பத்து சென்ட்டும், ஒரு ஐந்து சென்ட்டும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் ஒருமுறை பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.